ஆறுவதற்குள் அளந்தது

3 மார்ச் 2025, திங்கள்

இன்றும் தண்ணீர் வரவில்லை. மாடி வீட்டுக்காரி மோட்டார் போட்டு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கிறாள். நாங்கள் பெங்களூர் பீன்யாவுக்குக் குடிவந்த வாரமே இதைச் செய்தாள். அன்றைக்கு என் கையில் இருந்தது நீலக் குடம், அவள் போட்டிருந்தது மஞ்சள் நைட்டி. நான் மறக்கவில்லை.

மரியா காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். நேற்று ஞானஸ்நான விருந்தில் நடந்ததை அவள் அங்கேயே உதறிவிட்டு வந்துவிட்டாள். எனக்கு முடியவில்லை. எழுதிவைக்கிறேன்.

என் கொழுந்தனார் ஓஸ்வால்ட், அரசாங்க ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். பிரியாணித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, பந்தியே கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். "இஞ்சினியர்னா சும்மாவா அண்ணி? கணக்கு வேணும், இங்கிலீஷ் வேணும், எல்லாத்துக்கும் மேல வாய் வேணும். உங்க பேத்திக்குக் கணக்கு வருது, ஒத்துக்குறேன். இங்கிலீஷ் தட்டுத் தடுமாறுது. வாய் சுத்தமா இல்ல. மிஷின் ஷாப்ல ஆம்பளைங்க நடுவுல நின்னு சத்தம் போடணும். இது போயி சிலுவப்பாதைக்கு வந்தா மாதிரி நிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மரியாவும் சிரித்தாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

"உன் பையனுக்கு வாய் இருக்குது. டிகிரி எங்கப்பா?" என்றேன். சிரிப்பு நின்றது. என் மருமகள் ஜெனிஃபர் மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். இன்னும் கன்றிப்போய் இருக்கிறது.

மரியா மெக்கானிக்கல் படித்தவள். அக்டோபரில் இங்கே இரண்டாம் ஸ்டேஜில் ஒரு மிஷின் ஷாப்பில் குவாலிட்டி இஞ்சினியராகச் சேர்ந்தாள். லேத்தில் கடைந்து வருகிற இரும்புச் சாமான்களை அளந்து, சரி என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வேலை. ஆறு மாதம் பார்ப்பார்களாம். பிடித்திருந்தால் பர்மனென்ட். இந்த மாதக் கடைசியில் தெரிந்துவிடும். என் மகன் போனதிலிருந்து ஜெனிஃபர் கார்மென்ட்ஸில் தையல் மிஷின் மிதித்துத்தான் இந்த வீடு நடந்தது. அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. ஆகவே அந்தப் பர்மனென்ட் மரியாவுக்கு மட்டும் வேண்டியது இல்லை.

5 மார்ச், சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். இந்தத் தவக்காலத்தில் மீனை விடுகிறேன், டீயை விடுகிறேன் என்று சொல்லாமல், ஆளுக்கு ஒருவரை மன்னிக்க வேண்டுமாம். ஃபாதர் சின்னப் பையன், அவருக்கு எது சுலபம் எது கஷ்டம் என்று தெரியவில்லை.

யாரை? மாடி வீட்டுக்காரியை முடியாது, தினமும் புதிதாகச் செய்கிறாள். ஓஸ்வால்டை முடியவே முடியாது. அஞ்சாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொன்ன பெரியம்மாவை? செத்துப்போய்விட்டாள். ஆனாலும் முடியாது.

நாற்பது நாள் இருக்கிறது. பார்ப்போம்.

8 மார்ச், சனி

இரண்டு டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டது. நான் தரையில் தட்டினேன், ஜெனிஃபர் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். மரியா வந்தாள். உள் டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள், வெளி டம்ளரைக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் நிறுத்தினாள். டக்கென்று கழன்றது.

"சூடு பட்டா வெளி டம்ளர் கொஞ்சம் பெருசாவும் ஆயா. ஆறுனா பழையபடி சின்னதாயிடும்."

"எவர்சில்வர் கூடவா வீங்கும்?"

"எல்லாம் வீங்கும். உன் கோவம் மாதிரி. அது மட்டும் ஆறவே ஆறாது."

ஷாப்பில் அவளுடைய அறையில் ஒரு கறுப்புக் கல் மேசை இருக்கிறதாம். அதன் மேல் யாரும் டிபன் டப்பா வைக்கக் கூடாதாம். கடைந்து முடித்த ஷாஃப்டை, அதாவது இரும்புத் தண்டை, ராத்திரி முழுக்க அந்தக் கல் மேல் போட்டுவிட்டு, காலையில்தான் அளப்பாளாம். அளக்கிற கருவியும் பக்கத்திலேயே கிடக்க வேண்டுமாம். இதற்காக லேத்துக்காரர் அய்யாவு அவளைக் கேலி பண்ணுகிறாராம். "மரியா மேடம் ஷாஃப்டுக்குத் தாலாட்டு பாடித் தூங்க வச்சிட்டாங்க, காலைல எழுப்பி ஆர்லிக்ஸ் குடுப்பாங்க" என்று.

சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்த ஷாப்பில் அவளுக்குச் சந்தோஷம்தான் என்று தெரிகிறது. வாயில்லாதவளாம்.

13 மார்ச், வியாழன்

மரியா லேட். தலைவலி என்றாள். ஷாப்பில் ஒரே அவசரமாம், வாசலில் லாரி நின்றுகொண்டே இருந்ததாம், ஓனர் கிருஷ்ணப்பா ஒரே கூச்சலாம். எல்லாம் அனுப்பியாகிவிட்டது என்றாள்.

14 மார்ச், வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை. மரியா வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அடுப்படியில் நின்று ஒரே டம்ளரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தேய்த்த டம்ளரையே.

"ஆயா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"யார்டி அவன்?"

"ஐயோ ஆயா! ஷாப்புல."

பிறகு சொன்னாள். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

லிஃப்டின் பிரேக்கில் போய் உட்காருகிற ஷாஃப்ட். நம் கட்டைவிரலை இரண்டாக அடுக்கின தடிமன் இருக்கும். ஓசூரில் லிஃப்ட் செய்கிற கம்பெனிக்கு நேற்றே போயாக வேண்டும். லாரி வந்து நின்றாயிற்று. கிருஷ்ணப்பா, "அளந்து ஏத்து, அளந்து ஏத்து" என்று பின்னாலேயே நிற்கிறான். ராத்திரி கல் மேல் போட நேரமில்லை. மிஷினிலிருந்து எடுக்க எடுக்க, கை பொறுக்காத சூட்டோடு அளந்திருக்கிறாள். எல்லாம் சரியாக வந்தது. கையெழுத்துப் போட்டாள். லாரி போய்விட்டது.

சாம்பிளுக்கு என்று ஒரு ஷாஃப்ட் மட்டும் மேசை மேல் தங்கிவிட்டது. இன்று காலை அதை எடுத்து அளந்திருக்கிறாள். குறைவு. சூட்டில் பெரிதாக இருந்தது ஆறினதும் சுருங்கிவிட்டது. ஒன்று அப்படி என்றால் மற்றதும் அப்படித்தான் என்கிறாள்.

"எவ்ளோ கம்மி?"

"தலமுடிய நாலாப் பொளந்தா, அதுல ஒண்ணு."

"அட கழுத, இதுக்கா அழுவுற?"

"பிரேக் ஆயா. லூசா உட்காந்தா ஆடும். ஆட ஆடத் தேயும். தேஞ்சி ஒருநாள் பிடிக்காது."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான்."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மழுப்பவில்லை. "அப்ப வாய மூடிக்கினு இரு. மாசக் கடைசி தாண்டட்டும்" என்றேன். வேறு என்ன சொல்வேன்? ஜெனிஃபர் முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது, நான் வேறு என்ன சொல்வேன்?

ஜெனிஃபர் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். "என்னக் கேக்காத மரியா. நான் சொன்னா வேலையக் காப்பாத்திக்கன்னுதான் சொல்லுவேன்" என்றாள். அப்புறம் ஃபேக்டரி தெரிந்தவர் என்று ஓஸ்வால்டுக்கே போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"ஒண்ணும் ஆவாது. டிராயிங் போடுறவன் கொஞ்சம் முன்னப் பின்ன விட்டுத்தான் போட்டிருப்பான். நான் பாக்காத ஷாஃப்டா? கம்ப்ளெயிண்ட் வந்தா லேத்துக்காரன் மேல தள்ளிவுடு. முடிஞ்சிது."

"அய்யாவு அண்ணன் மேல எப்பிடி சின்னத் தாத்தா தள்ளுறது?" என்றாள் மரியா. "மொத பீசை நான்தான் சரின்னு சொன்னேன். அத நம்பித்தான் அவரு மிச்சத்த எல்லாம் கடைஞ்சாரு."

"அப்ப நீ இஞ்சினியருக்கு லாயக்கில்ல. இஞ்சினியர்னா சமாளிக்கத் தெரியணும்" என்று வைத்துவிட்டார்.

கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்ததிலிருந்து நானும் ஓஸ்வால்டும் ஒரே பக்கம் நின்றது இதுதான் முதல் தடவை. அதுவே எனக்கு உறுத்துகிறது.

மரியா இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டாள்.

15 மார்ச், சனி, காலை

போய்விட்டாள். என்ன செய்யப்போகிறாள் என்று கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் வாயை மூடு என்றுதான் சொல்வேன்.

தேவையில்லாமல் குணசேகர் ஞாபகத்துக்கு வருகிறார். கோலார் தங்கவயலில் சுரங்கக் கூண்டை மேலேயும் கீழேயும் இழுக்கிற மிஷின் அவர் கையில். கீழேயிருந்து மணி அடிப்பார்கள். எத்தனை தடவை அடிக்கிறது என்று கேட்டுத்தான் கூண்டை நகர்த்துவார். 1979 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து கூண்டில் ஏறியாயிற்று. மணி சரியாகக் கேட்கவில்லையாம். குணசேகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேலதிகாரி கத்துகிறார், வெளியே நாங்கள் பெண்பிள்ளைகள் கத்துகிறோம். "திருப்பி அடிக்கச் சொல்லு, கேட்டாத்தான் நகத்துவேன்." மணிக் கம்பியை யாரோ போய்ப் பார்த்துச் சரிபண்ணி, மறுபடி அடித்து, கூண்டு மேலே வருவதற்குள் பூசை முடிந்துவிட்டது. எல்லார் வீட்டிலும் புதுத்துணி, என் வீட்டுக்காரர் மட்டும் கரிப் பிசாசு மாதிரி கோயில் வாசலில் நின்றார். நான் குணசேகர் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டுத் தெருவைக் கூட்டினேன். அவர் பெண்டாட்டியோடு அப்புறம் பேச்சே இல்லை.

ஒன்று மட்டும் இத்தனை வருஷம் நான் யோசிக்கவில்லை. கூண்டில் இருந்தவர்கள் குணசேகரின் முகத்தைப் பார்க்க முடியாது. அவரும் இவர்களைப் பார்க்க முடியாது. "மணி மூணு தடவ கேட்டா மாதிரிதான் இருந்துது" என்று அவர் கையை நகர்த்தியிருந்தால்?

லிஃப்டில் ஏறுகிறவர்கள் மரியாவைப் பார்க்கப்போகிறார்களா?

சரி. குணசேகரை மன்னித்தாயிற்று. ஃபாதர் கேட்ட ஒருவர் கணக்கு முடிந்தது. அவர் பெண்டாட்டியை இல்லை. அன்றைக்கு அவள் என்னைத் திருப்பிப் பேசின பேச்சு வேறு.

அதே நாள், சாயங்காலம்

மத்தியானமே வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, சொல்லிவிட்டாள்.

மேசை மேல் இருந்த ஷாஃப்டைக் கொண்டுபோய் கிருஷ்ணப்பா முன்னால் வைத்து, "சார், நான் சூட்டுல அளந்துட்டேன். ஓசூருக்குப் போன் பண்ணி மாட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றாளாம். அவன் ஷாப் அதிரக் கத்தியிருக்கிறான். அய்யாவு, டீ கொண்டுவந்த பெண், எல்லார் முன்னாலும். உன்னை எவன் இஞ்சினியர் ஆக்கினான், வீட்டில் உட்கார்ந்து மாவு சலி என்று. கடைசியில், நீ போ, திங்கட்கிழமை வராதே, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று.

அப்படியானால் முடிந்தது.

நான் அவளைத் திட்டினேன். நன்றாகத் திட்டினேன். "சொன்னா கேட்டியா? ரெண்டு வாரம் பொறுத்திருந்தா வானம் இடிஞ்சிருக்குமா? உங்கம்மா முட்டியப் பாத்தியா?" எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஆயா, சோறு இருக்குதா?" என்றாள். சாப்பிட்டாள். போனை அணைத்துவிட்டுப் படுத்தாள். இப்போது வரை அசையாமல் தூங்குகிறாள். சின்னப் பிள்ளையில் ஜுரம் விட்டதும் இப்படித்தான் தூங்குவாள்.

எனக்கும் ஏன் மூச்சு சீராக வருகிறது? வேலை போன வீட்டில் இப்படி வரக் கூடாது. வருகிறது.

17 மார்ச், திங்கள்

ஓஸ்வால்ட் வந்தார். இரண்டு ஆப்பிள் வேறு. சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேனே அண்ணி" என்று உட்கார்ந்தார். அவர் பையன் கால் சென்டரில் ஆள் எடுக்கிறானாம், சொல்லிச் சேர்த்துவிடுவானாம்.

"நாள் பூரா பேசுற வேலையாச்சே. வாயில்லாதவளுக்கு எதுக்குப்பா?" என்றேன்.

மரியா குறுக்கே வந்து, "வெள்ளிக்கிழம போயி பாக்குறேன் சின்னத் தாத்தா" என்றாள். எனக்குக் கசந்தது. அவருக்கு எதிரில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு ஆப்பிள் அழுகல்.

அவர் போன பிறகு கேட்டேன், "ஓசூர்ல இன்னா ஆச்சின்னு விசாரிச்சியா?"

"பயமா இருக்குது ஆயா. மாட்டிட்டாங்கன்னு சொன்னா?"

அதனால்தான் போனைத் திறக்கவில்லை. வேலை போனதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

18 மார்ச், செவ்வாய்

மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். நெற்றியில் குங்குமம், சட்டைப் பையில் பேனாக்கள், வேர்த்து ஒழுகுகிற ஒரு ஆள், பேச்சில் பாதி கன்னடம்.

"மரியா வீடு இதுதானே அஜ்ஜி? நான் கிருஷ்ணப்பா. அவ ஓனரு."

"தெரியுது" என்றேன். கதவைப் பிடித்தபடி நின்றேன். அவனே என் கைக்கு அடியில் குனிந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"போன் எதுக்கு ஆஃப் பண்ணி வச்சிருக்கா? அடிச்சு அடிச்சு என் பேட்டரி போச்சு."

"நீ திட்டின திட்டுக்கு அவ போனத் தூக்கி சாக்கடைல போடாம இருக்காளேன்னு சந்தோஷப்படு."

"திட்டினேன் அஜ்ஜி. ஹவுது, நெஜம்தான். என் எடத்துல நீங்க இருந்தா கொஞ்சுவீங்களா? ரெண்டு லோடு வேலை போச்சு."

"நானா இருந்தா லாரிய நிறுத்திக்கிட்டு பொம்பளப் புள்ள பின்னாடி நின்னு கத்தியிருக்க மாட்டேன்."

அதற்கு அவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். காப்பி வாசனை வீடு முழுக்க இருந்தது, காப்பி கொடுக்கவில்லை.

மரியா உள்ளேயிருந்து வந்து நின்றாள். நிற்கும்போதே கேட்டுவிட்டாள். "மாட்டிட்டாங்களா சார்?"

"எங்க மாட்டுறது? பெட்டியவே தொறக்கல. நான் சனிக்கிழமையே போன் பண்ணிட்டேன். நீ போன கையோட."

மரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்த ஆள் முன்னால் வந்ததுதான் கஷ்டம்.

கிருஷ்ணப்பா பேசிக்கொண்டே போனான். "அங்க இருக்கிற மானேஜருக்கு நான் இருபது வருஷமா மால் அனுப்பறேன். நானே போன் பண்ணி என் மால் சரியில்லன்னு சொன்னது இதான் ஃபர்ஸ்ட் டைம். அந்தாளு பயந்துட்டான். 'கிருஷ்ணப்பா, உடம்பு ஹுஷாரா இருக்கா'ன்னு கேக்கறான்! நாளைக்கு அவங்க எதிர்லயே எல்லாத்தயும் அளந்து பிரிக்கணுமாம். கண்டுபிடிச்சது யாரோ அவங்களக் கூட்டிட்டு வாங்கங்கறான். காலைல வேன் வரும், ரெடியா இரு."

மரியா எழுந்து நின்றாள். "சார், லாரி நிக்குதுன்னு அளந்தது என் தப்பு. அன்னிக்கே அளக்க மாட்டேன்னு சொல்லியிருக்கணும்."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்" என்றான் அவன். டம்ளரைக் கீழே வைத்தான். "ஆனா நீ சொல்லியிருக்கணும்."

வாசல் வரை போனவனை நான் விடவில்லை. "வேற ஆள் பாத்துக்கிறேன்னு சொன்னியாமே. கெடைக்கலியா?"

"கெடைப்பான் அஜ்ஜி. நேத்து ஒருத்தன் வந்தான். நல்லா இங்கிலீஷ் பேசறான், எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கான்." செருப்பை மாட்டினான். "ஆனா தப்பு பண்ணா வந்து சொல்லுவானா மாட்டானான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? இவ சொல்லுவான்னு தெரியும்."

ஸ்கூட்டர் போன பிறகுதான் காப்பி போட்டேன். நானும் மரியாவும் குடித்தோம்.

19 மார்ச், புதன்

ஓசூரிலிருந்து திரும்பினாள். உள்ளங்கையெல்லாம் எண்ணெய். பெட்டியின் ஆணியைக்கூடப் பிடுங்கவில்லையாம், இவள் கண்ணெதிரில்தான் திறந்தார்களாம். பாதிக்கு மேல் ஷாஃப்டுகள் அளவில் குறைவு. அதையெல்லாம் தனியாக எடுத்துச் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

அதற்கெல்லாம் பதிலாக அய்யாவு புதிதாகக் கடைய வேண்டும். அவருக்குக் கோபமா என்று கேட்டேன்.

"வேன்ல ஏறும்போது கூப்ட்டாரு. 'மேடம், என் பேரச் சொல்லியிருந்தா நீங்க தப்பிச்சிருக்கலாம், அந்த ஐடியாவே வரலியா'ன்னாரு. எங்க சின்னத் தாத்தாவுக்கு வந்துதுன்னேன். அதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாரு!"

ஜெனிஃபர் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, செபம் சொல்லாமல், மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

21 மார்ச், வெள்ளி

கால் சென்டருக்கு இவள் போகவில்லை. ஓஸ்வால்டுக்குச் சொல்லவும் இல்லை. அவர் பையன் வாசலில் காத்திருந்தானாம். காத்திருக்கட்டும்.

31 மார்ச், திங்கள்

பர்மனென்ட் இல்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கிறேன் என்றானாம் கிருஷ்ணப்பா.

வந்ததே கோபம் எனக்கு. வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து என் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூன்று மாதமாம்! காப்பி கொடுக்காதது எவ்வளவு சரி.

மரியா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நியாயம்தான் ஆயா. சொன்னதுக்கு வேலையில வச்சாரு. பண்ணதுக்கு மூணு மாசம்" என்றாள். நியாயமாம். இந்த வீட்டில் நியாயம் பேசுகிற புத்தி எங்கிருந்து வந்தது? என் வழியில் இல்லை. அவள் தாத்தா வழியிலும் இல்லை.

ஆனால் ஒன்று. போன வாரம் மாதிரி நாளைக்கும் காலையில் இவள் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். நான் அதைப் பார்ப்பேன். இன்றைக்கு அது போதும்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

ஓஸ்வால்ட் வீட்டில் சாப்பாடு. வந்த சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "எங்க வீட்டுப் பொண்ணு! தப்பைத் தானே போய்ச் சொல்லிச்சு. நான்தான் போன்ல சொன்னேன், எது வந்தாலும் உண்மையச் சொல்லிடும்மா, இஞ்சினியருக்கு அதான் அழகுன்னு."

அன்றைக்கு அவர் சொன்னதை ஸ்பீக்கரில் நாங்கள் மூன்று பேர் கேட்டோம். மரியா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ஆண்டவர் உயிர்த்த நாள். விட்டேன்.

எழுதிவைத்துவிட்டேன்.

24 ஏப்ரல், வியாழன்

வெயில் தாங்கவில்லை. மாடியில் மோட்டார் ரிப்பேர், எங்களுக்குத் தண்ணீர் நன்றாக வந்தது.

இன்று கருவாட்டுக் குழம்பு. மரியா சாயங்காலமே வந்துவிட்டாள், குளித்துவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டாவது உருண்டை வாய்க்குப் போகும்போது போன். கை எச்சில், ஸ்பீக்கரில் போட்டாள்.

"மரியா, தும்கூர் ஆர்டர் முடிஞ்சிதும்மா. கொஞ்சம் வந்து பாத்து அனுப்பிடு." கிருஷ்ணப்பா. பின்னால் மிஷின் சத்தம்.

"அய்யாவு அண்ணன் எப்ப சார் முடிச்சாரு?"

"இப்பதான். கடைசி பீஸ் எறக்கறான்."

"அப்ப காலைல சார். கல்லு மேல வைக்கச் சொல்லுங்க."

"லாரி நிக்குதும்மா."

"தெரியும் சார். நான் இன்னிக்கு அளக்க மாட்டேன்."

கரண்டியைக் குழம்புச் சட்டிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஜெனிஃபர் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். இன்னும் மூன்று மாதம் முடியவில்லை, முடியவில்லை என்று என் மனசு அடித்துக்கொள்கிறது. போனில் மிஷின் சத்தம் மட்டும். அதுவும் நின்றது. யாரோ மிஷினை அணைத்துவிட்டார்கள்.

பிறகு கிருஷ்ணப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது, எங்களிடம் இல்லை, அங்கே யாரிடமோ. "ஏய், அந்த டிரைவர ஊட்டா சாப்ட்டுட்டு இங்கயே படுக்கச் சொல்லு. காலைலதான் லோடு."

போன் கட்டாகிவிட்டது.

மரியா அந்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். "ஆயா, இன்னும் கொஞ்சம் கொழம்பு" என்று தட்டை நகர்த்தினாள்.

ஊற்றினேன்.